கரி தூக்கல், உப்பு கம்மி

"ஊதிப் பாருங்க அண்ணாச்சி."

இப்படிச் சொல்லிவிட்டு மாரியப்பன் அதை என் இரண்டு கைகளிலும் வைத்தார். கனமான சாமான். இரண்டு பெரிய நத்தை ஓடுகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்தது போல இருந்தது. ஒரு பக்கத்து வாய்க்குள் பளபளவென்று சின்னதாக ஒரு விசிறிச் சக்கரம். முறுக்கில் பாதிகூடத் தேறாது.

மெதுவாகத்தான் ஊதினேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. நான் வாயை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் காத்து. நடுவுல ஒரே கம்பி" என்று மாரியப்பன் விரலால் காட்டினார். "எஞ்சின் வெளிய தள்ளுற புகை வந்து இந்தச் சக்கரத்தைச் சுத்தும். இது சுத்துனா அதே கம்பியில இருக்கிற அந்தச் சக்கரமும் சுத்தும். அது வெளிக் காத்தை உறிஞ்சி எஞ்சினுக்குள்ள அமுக்கும். தரைச்சக்கரம் எதுல சுத்துது? அது விடுற புகையிலதான? அதே சங்கதிதான்."

"எவ்வளவு வேகம் சுத்தும்?"

"நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேலன்னு சொல்லுறாக."

நான் திரும்பவும் ஊதினேன். தீபாவளி தவறாமல் தரைச்சக்கரம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நான். புகையை வேலைக்காரனாகப் பிடித்துப்போட முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வேண்டாம் என்று வெளியே துப்பிய புகையைப் பிடித்து, அதை வைத்தே இன்னும் காற்றைக் கறந்துகொள்கிற இந்தச் சாமானின் பெயர் டர்போ. என் சின்னக் காருக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். பிரமித்துப் போய் அப்படியே நின்றேன்.

"போதும், குடுங்க. எச்சி படுது" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

கொடைக்கானல் ஏற்றத்தில் பட்ட பாடு

போன வாரம் இந்தப் பத்தியில், காலண்டர் சீசனில் நான் அலைந்த அலைச்சலை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'ஆர்டர் பிடிக்க நடந்தேதான் போனீர்களா, வண்டி வாகனம் கிடையாதா' என்று கேட்டிருக்கிறார். உண்டு அம்மா. அந்த வண்டியின் கதைதான் இது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டாசுப் பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள்தான் முக்கிய வேலை. வருஷம் சரியாக நினைவில்லை. ஆனி மாதம் என்பது மட்டும் உறுதி, காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

கார், ஒருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்த சின்ன டீசல் கார். சாம்பிள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சாத்தூருக்கும் விருதுநகருக்கும் போய்வர அது போதும். ஆனால் மலை என்றால் அதற்கு ஆகாது.

அந்தக் கோடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வண்டி முனக ஆரம்பித்துவிட்டது. ஏசியை அணைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். பிள்ளைகள் பேசுவதற்கும் வண்டி ஏறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்டாள். அந்த நேரத்தில்தான் பின்னால் வந்த அவளுடைய அண்ணன், ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை எங்களுக்கு ஆட்டியபடி கடந்து போனார்.

என் மச்சான் தனசேகரன் விருதுநகரில் டிராவல்ஸ் வைத்திருந்தார். பன்னிரண்டு கார்கள். உதவி என்று போனால் முதலில் ஓடி வருகிறவர். வந்த பிறகு ஒரு வருஷத்துக்கு அதைச் சொல்லிக்காட்டுகிறவரும் அவரே.

அன்று மேலே போய்ச் சேர்ந்ததும், "என்ன மாப்ளே, நடந்தா வந்தீக?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வண்டியின் குதிரைசக்தியைக் கூட்டியே தீருவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

விசாரித்தபோது மாரியப்பனின் பெயரைச் சொன்னார்கள்.

அந்த அறை

மாரியப்பன் அச்சங்குளத்துக்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். ஆரம்பத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்தவர். பிறகு விருதுநகரில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்து தொழில் படித்து, சாத்தூர் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாகத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. இருசக்கர வண்டிகள்தான் வந்துகொண்டிருந்தன. என்னுடையது அவரிடம் வந்த மூன்றாவது கார்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அவர் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

"அண்ணாச்சி, என் வீட்டுக்காரி முத்துலட்சுமி கம்பெனியில மருந்து கலக்குற ரூம்ல இருக்கா. பத்து வருசமா. ஆடி பிறந்தா சீசன் சூடு பிடிச்சிரும். அதுக்குள்ள அவளை அந்த ரூமை விட்டு வெளிய கூட்டியாந்துரணும்னு இருக்கேன். நாலு காரு நிரந்தரமா வந்தாப் போதும். உங்க வண்டி நல்லா அமைஞ்சா, பாத்துட்டு நாலு பேரு வருவாக."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு 'அந்த ரூம்' என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் எல்லா அறைகளிலிருந்தும் தள்ளி, தனியாக ஒரு சிறிய அறை இருக்கும். வாசல்கள் அதிகம், ஆட்கள் குறைவு. வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியப் பவுடர் எல்லாம் ஒன்றுசேர்வது அங்கேதான். பேப்பரில் ஏதாவது செய்தி வந்தால் பெரும்பாலும் அந்த அறையிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

நான் மச்சானிடம் போனேன். என் வீறாப்பையும் மாரியப்பனின் நிலைமையையும் சேர்த்தே சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆனி கடைசி ஞாயித்துக்கிழமை வாறேன்" என்றார். "என்னையும் சேத்து நாலு பேரை ஏத்திக்கிட்டு, ஏசியும் போட்டுக்கிட்டு, ஆலங்குளத்துக்கிட்ட சுண்ணாம்புக்கல் லாரி ஏறுற மேட்டுல உங்க வண்டியை நானே ஓட்டுறேன். திணறாம ஏறிருச்சுன்னா என் பன்னெண்டு வண்டியும் அவன் கொட்டகைக்குத்தான் வரும். திணறிச்சுன்னா அந்தப் பேச்சை விட்டுரணும்."

வீம்பு என்னுடையது. அது இப்படி இன்னொருத்தர் வீட்டு வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

மருந்து என்ற சொல்

சென்னையில் என்னோடு படித்த நண்பன் ஒருமுறை ஊருக்கு வந்திருந்தான். இரண்டு நாள் சுற்றிவிட்டு, "உங்க ஊர்ல இத்தனை மருந்துக் கம்பெனி இருக்கே, ஒரு மெடிக்கல் ஷாப்பைக் காணோமே" என்றான். தலைவலிக்கு மாத்திரை தேடி அலைந்திருக்கிறான் பாவம்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. தலைவலிக்குப் போடுவது மாத்திரை. மருந்து லோடு வந்துவிட்டதா என்பார்கள், மருந்து ஈரமாக இருக்கிறது என்பார்கள். எரிந்து சக்தி கொடுக்கிற எதற்கும் எங்கள் வாயில் அந்த ஒரு சொல்தான்.

மாரியப்பனும் டீசலை மருந்து என்றே சொன்னார். "மருந்தைக் கூட்டுனா வேகம் தன்னால வந்துரும் அண்ணாச்சி." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வெடிக்கு மருந்து கூடினால் சத்தம் கூடும். ராக்கெட்டுக்குக் கூடினால் உயரம் கூடும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். பிறகு கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் ஒரு பெட்டி வரவழைத்தார். தீப்பெட்டியைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அது செய்யும் வேலை சுத்த அயோக்கியத்தனம். எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று முடிவெடுக்க எஞ்சினுக்கு ஒரு மூளை இருக்கிறது. இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு, குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று மூளையிடம் பொய் சொல்லும். மூளை அதை நம்பி, அழுத்தத்தைக் கூட்டி, இன்னும் டீசலைத் தெளிக்கும். எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு ஒரு சின்னத் திருகு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டிருந்தது.

மாரியப்பன் ஐந்தில் வைத்தார்.

வண்டி கிளம்பியபோது உறுமல் நன்றாகத்தான் இருந்தது. சாலையில் ஏறி மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே தெரியவில்லை. அவ்வளவு கறுப்புப் புகை. பின்னால் வந்த ஒரு பெரியவர் மொபெட்டை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, என் வம்சத்தையே விசாரித்தார்.

"இன்னும் பத்தலை போல" என்று மாரியப்பன் திருகை ஏழுக்குத் திருப்பினார். சின்ன மேடு ஒன்றில் ஏற்றிப் பார்த்தோம். முன்பைவிட மோசம். வெப்ப முள் சிவப்பை நோக்கிப் போனது. கொட்டகைக்குத் திரும்பியபோது, சுண்ணாம்பு அடித்த சுவரில் வால்போல நீளமாக ஒரு கறுப்புத் தடம் விழுந்தது.

மாரியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் வருவதற்கு எட்டு நாள் இருந்தது.

முத்துலட்சுமி பார்த்த புகை

மறுநாள் ஞாயிறு. கம்பெனி விடுமுறை. முத்துலட்சுமி தூக்குச்சட்டியில் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அன்றுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, அதிராத நடை. கொட்டகைக்குள் வருமுன் வாசலில் செருப்பைக் கழற்றினார். பிறகு இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நின்றார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது பழக்கதோசம்" என்று மாரியப்பன் சொன்னார். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக, கலக்குகிற அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்களாம். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்து வருஷத்தில் எந்த வாசலைக் கண்டாலும் கை தானாகத் தேடுகிறது.

மாரியப்பன் எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பின்னால் குப்பென்று புகை கிளம்பியது. முத்துலட்சுமி நகரவில்லை. தலையைச் சாய்த்து, புகை மேலே போய்க் கலைகிற வரை கவனித்தார். பிறகு சுவரில் இருந்த கறுப்பை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"கரி தூக்கலா இருக்கு. உப்பு கம்மி" என்றார்.

மாரியப்பன் சிரித்துவிட்டார். "இது புஸ்வாணம் இல்ல புள்ள. எஞ்சின்."

"எதுவா இருந்தா என்ன? கரி கூடிப்போச்சுன்னா புஸ்வாணம் இப்பிடித்தான். சீறாது, பொகையும். நீங்க என்ன மருந்து போடுறீக?"

"டீசல்தான்."

"அதுல உப்பு எங்க இருக்கு?"

மாரியப்பன் எஞ்சினை அணைத்தார்.

"நாங்க கலக்குற மருந்துக்குள்ளயே வெடியுப்பு இருக்கும். அதனால கூட்டுனா எல்லாம் சேந்து கூடும்" என்று முத்துலட்சுமி பொறுமையாகச் சொன்னார். "டீசல் மருந்து இல்லைங்க. அது வெறும் கரி. வெறும் கரியைக் கூட்டிக்கிட்டே போனா பொகைதான் வரும். உப்பு வேற எங்கன இருந்தாச்சும் வரணும். எங்கன இருந்து வருது?"

மாரியப்பன் மெதுவாக இறங்கி முன்பக்கம் போய்ப் பானெட்டைத் திறந்தார். டர்போவின் பக்கம் கையை நீட்டினார்.

"காத்துல இருந்து" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னதுதான். வெடியுப்பு, சூடானால் பிராணவாயுவைக் கொடுக்கும், அதனால்தான் மருந்து காற்றில்லாத குழாய்க்குள்ளும் எரிகிறது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் புகையைப் பார்த்த மாத்திரத்தில் அதைச் சொல்ல என்னால் ஆகவில்லை. பிராணவாயு என்ற பெயரே தெரியாத ஒரு பெண், பத்து வருஷம் கையால் கலந்து கலந்தே அதைத் தெரிந்துவைத்திருந்தார். டர்போவைப் பார்த்து நான் வாய் பிளந்தது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. டீசலை மருந்து என்று கூப்பிட்டோம், அதனால் அதற்குள் எல்லாம் இருக்கிறது என்று நம்பிவிட்டோம்.

ஒன்றை மாற்றினால் ஒரு துணி

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது. மருந்து கலக்குவது காலையிலேயே முடிந்துவிடும், வெயில் ஏறிவிட்டால் அந்த வேலை கிடையாது. ஆகவே முத்துலட்சுமி தினமும் மத்தியானத்துக்கு மேல் கொட்டகைக்கு வந்தார். மாரியப்பன் ஸ்பானர் பிடித்தார். நான் எடுபிடி.

முதல் வேலையாகப் பெட்டியின் திருகு இரண்டுக்கு இறங்கியது. அடுத்தது காற்று. டர்போ அமுக்குகிற காற்று சூடாகிவிடும், சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் என்றார் மாரியப்பன். எனக்குப் புரியவில்லை. சைக்கிள் பம்பை என் கையில் கொடுத்து, நுனியை அடைத்துக்கொண்டு அடிக்கச் சொன்னார். நாலு அடியில் கை சுட்டது. அந்தச் சூட்டைத் தணித்தால் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் காற்று அடங்கும். பெரிய கார்களில் இதற்கென்றே முன்பக்கம் ஒரு ரேடியேட்டர் உண்டாம், பெயர் இன்டர்கூலர். என் வண்டிக்கு அதை வைக்காமலே விட்டிருந்தார்கள்.

மதுரையில் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, அடிபட்ட ஒரு பெரிய வண்டியிலிருந்து கழற்றிய இன்டர்கூலர் ஒன்றை வாங்கிவந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் இது என்ன என்று கேட்டார். காற்றைக் குளிர்விப்பது என்றேன். ஏசியா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதைப் பம்பருக்குப் பின்னால் பொருத்தி, குழாய் வளைத்து, கிளிப் போட்டு முடுக்க ஒரு நாள் பிடித்தது. மாரியப்பன் அதே கையோடு டர்போவின் வெளிப்பக்கக் கம்பி ஒன்றையும் முறுக்கப் போனார். புகை அதிகமானால் சக்கரத்துக்குப் போகாமல் வெளியே திருப்பிவிடுகிற ஒரு குட்டிக் கதவு அதில் இருக்கிறது. அந்தக் கம்பியை இறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும்.

முத்துலட்சுமி தடுத்தார். "ஒண்ணு மாத்தியாச்சுல்ல. அதை முதல்ல பாப்போம்."

"நாள் இல்ல புள்ள. ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சிருவோம்."

"ரெண்டை ஒண்ணா மாத்துனா எது என்ன செஞ்சுச்சுன்னு தெரியாது. எங்க ரூம்ல அப்பிடி அவசரப்பட்டவுகள்ல, என்ன செஞ்சோம்னு வந்து சொல்ல யாரும் மிஞ்சுறதில்ல."

சாதாரணமாகத்தான் சொன்னார். மாரியப்பன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

என் பழைய வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்தார்கள். ஒன்றை மாற்றினால் ஓட்டிப் பார்ப்பது, வந்ததும் புகைக்குழாயின் வாயில் ஒரு துணியைப் பிடித்து மூன்று தடவை மிதிப்பது. அந்தத் துணியைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது. முதல் துணி அடுப்பங்கரைத் துணி மாதிரி இருந்தது. இன்டர்கூலருக்குப் பிறகு விழுந்தது சாம்பல் நிறம். கம்பியை ஒரு சுற்று இறுக்கியதும் இன்னும் வெளுத்தது. இன்னொரு சுற்று. பிறகு டீசலை ஒரு எண் கூட்டினார்கள், துணி லேசாகக் கறுத்தது, கம்பியில் அரைச் சுற்று கொடுத்தார்கள்.

ஒவ்வொரு துணியையும் முத்துலட்சுமி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒன்பதாவது துணியைப் பார்த்துவிட்டு, "இது போதும். இதுக்கு மேல ஆசைப்படாதீக" என்றார். திருகு நாலில் நின்றது. கொடியில் வரிசையாகத் தொங்கிய துணிகளைப் பார்த்தபோது, நான் வருஷக்கணக்காக அச்சகத்தில் பார்க்கிற கலர் ப்ரூஃப் மாதிரித் தாள் வரிசை நினைவுக்கு வந்தது.

மேடு

ஞாயிறு காலை மச்சான் வந்தார். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். வண்டியைச் சுற்றி வந்து டயரை ஒரு உதை உதைத்தார். வண்டி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஏன் டயரை உதைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"நாலு பேரு வேணுமே. இன்னொரு ஆளு யாரு?" என்றார்.

"நீயும் ஏறு" என்று மாரியப்பன் மனைவியிடம் சொன்னார். முத்துலட்சுமி பின்சீட்டில் ஏறி, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். மாரியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்னால். மச்சான் ஏசியை முழுதாகத் திருகிவிட்டு ஓட்டினார்.

மேட்டின் அடிவாரத்தில், கல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. மச்சான் வேண்டுமென்றே அதன் பின்னால் போய் வேகத்தை முழுதாகக் குறைத்தார். ஓடிவந்து ஏறுகிற வசதியை வண்டிக்குக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு எண்ணம்.

எதிரே சாலை காலி என்று பார்த்துக்கொண்டு, வெளியே எடுத்து, இரண்டாவது கியரில் மிதித்தார்.

ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த நொடி முன்பக்கத்திலிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பி மேலே மேலே போனது. யாரோ மார்பில் கை வைத்துத் தள்ளியது போல என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. லாரியின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மூன்றாவது கியர் போட்டார். அப்போதும் விசில் நிற்கவில்லை, வண்டியும் தளரவில்லை. மேடு என்ற ஒன்று இருப்பதே அந்த வண்டிக்குத் தெரியாதது போல ஏறியது. என் காலடியில், முறுக்கில் பாதி அளவுள்ள ஒரு சக்கரம், கண்ணுக்கே தெரியாத வேகத்தில், நான்கு மனிதர்களை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

உச்சியில் மச்சான் வண்டியை நிறுத்திச் சாவியில் கை வைத்தார்.

"உடனே அமத்தாதீக முதலாளி" என்று பின்னாலிருந்து முத்துலட்சுமி சொன்னார். "சக்கரம் ஆறட்டும்."

மச்சான் கையை எடுத்துவிட்டார். அவருக்கு ஒருவர் சொல்லி அவர் கேட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்க, இறங்கிப் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைக் குனிந்து பார்த்தார். கைக்குட்டையை அதன் வாயில் ஒரு தடவை பிடித்து எடுத்து, விரித்துப் பார்த்தார். லேசாகச் சாம்பல் படிந்திருந்தது, அவ்வளவுதான்.

"யாருப்பா செட்டிங் வச்சது?"

"ஸ்பானர் பிடிச்சது நான் முதலாளி" என்றார் மாரியப்பன். "சொன்னது பூரா இவதான்."

மச்சான் கூலிங் கிளாஸைக் கழற்றினார். "நாளைக்கு ரெண்டு வண்டி அனுப்புறேன். வாரத்துக்கு ரெண்டு ரெண்டா மத்ததும் வரும். ஆனா ஒரு கண்டிசன். எல்லா வண்டிப் புகையையும் இந்தம்மா பாத்துச் சொல்லணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ளே, நீங்க திரும்ப ஓட்டுங்க. எனக்குக் கை நடுங்குது" என்றார். அதை அவர் வாயால் கேட்டது எனக்குப் போதும்.

பிறகு

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் முத்துலட்சுமி கம்பெனி வேலையை விட்டார். சீசன் நேரத்தில் போகிறாயே என்று ஃபோர்மேன் கெஞ்சினாராம். "பத்து சீசன் பாத்தாச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

எனக்கு ஆர்டர் வேலை தலைக்கு மேல். ஆவணியில் ஒருநாள் மத்தியானம்தான் அந்தப் பக்கம் போக முடிந்தது. கொட்டகையில் மூன்று கார்கள் நின்றன. சாப்பாட்டு நேரம். உட்காருங்க அண்ணாச்சி என்று விடாப்பிடியாகச் சொன்னார்கள். முத்துலட்சுமி கையைக் கழுவிவிட்டு வந்து, சட்டியில் சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். அவர் நகக்கண்ணில் முன்பெல்லாம் வெள்ளி வெள்ளியாகத் தெரிந்த அலுமினியப் பவுடரைக் காணவில்லை. நகம் வளர்ந்து, வெட்டி, அதோடு போய்விட்டிருந்தது.

உருண்டை பிடித்து முதலில் கணவர் கையில் வைத்தார். மாரியப்பன் வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னங்க, முள்ளா?" என்றார் முத்துலட்சுமி.

"இல்ல. இன்னைக்குக் கசக்கலே."

முத்துலட்சுமியின் கை சட்டிக்குள் நின்றது. அடுத்த உருண்டை பாதியில் இருந்தது.

"கசக்கலயா? அப்ப முன்ன கசந்துச்சா?"

மாரியப்பன் தரையைப் பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நின்றுகொண்டிருந்த கார்களை எண்ணுவது போல நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பத்து வருசமா இந்த மருந்துக் கையால தின்னீக" என்றார் முத்துலட்சுமி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஒரு நாள்கூடச் சொல்லலயே."

மாரியப்பன் உள்ளங்கையை மறுபடி அவர் முன்னால் நீட்டினார்.

"இன்னொண்ணு வையி புள்ள" என்றார்.